வயிற்றில் பை, பள்ளிவாசலில் தடையா?

முன் வரிசையில் ஐவேளையும் நின்ற பெரியவர் ஒருவர் திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிடுவார். விசாரித்தால், "அத்தாவுக்கு உடம்பு சரியில்லை" என்று மகன் மழுப்புவார். முல்லா வீதியானாலும் காஜியார் வீதியானாலும் இதே கதைதான்.

நோய், குடல் புற்று. கோரிமேடு ஜிப்மரிலோ வேறெங்கோ அறுவைச் சிகிச்சை செய்து, குடலின் முனையை வயிற்றுப் பக்கம் திறந்து, பை ஒட்டி அனுப்பியிருப்பார்கள். மலம் அதில்தான் சேரும். அடக்கிக்கொள்ளும் தசை அங்கே கிடையாது. எனவே நேரம் காலம் பார்த்து வராது. சிலருக்குச் சில மாதங்களில் குடலைத் திரும்ப இணைப்பார்கள். சிலருக்கு ஆயுள் முழுக்க அப்படித்தான்.

டாக்டர் உயிரைக் காப்பாற்றினார். நாமோ அந்தப் பெரியவரை வீட்டின் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டோம். பிரெஞ்சுப் பென்ஷன் வரும் வீட்டிலும் இதே நிலைதான். ஆகவே பணம் மட்டும் காரணமில்லை. "நஜீஸைச் சுமந்துகொண்டு பள்ளிக்கு வரலாமா?" என்று யாரோ ஓர் அரைகுறை கேட்டதே போதும், அவர் கூனிக் குறுகிப்போக.

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்களின் துணைவியருள் ஒருவர், உதிரப்போக்கு நிற்காத நிலையிலேயே பள்ளியில் இஃதிகாஃப் இருந்தார். கீழே தட்டு வைக்கப்பட்டது. புகாரியில் இருக்கும் செய்தி இது. தட்டுக்கு இடமிருந்த பள்ளியில், ஒழுகாமல் மூடிய பைக்கு இடமில்லையா? மூலநோய் கண்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் முடியாவிட்டால் படுத்தும் தொழ அனுமதி கிடைத்தது. தங்கடம் உள்ளவர் ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும், ஹனஃபியில் ஒவ்வொரு வக்துக்கும் உளூச் செய்து தொழ வேண்டியதுதான். சட்டம் இவ்வளவு எளிது. கஷ்டமாக்கியது நாம்.

மூலம் என்றதும் இன்னொன்று. மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு கட்டி, போர்டு மாட்டியவரிடம் மாதக்கணக்கில் மருந்து வாங்கிச் சாப்பிட்டு, நோய் முற்றியபின் ஜிப்மருக்கு ஓடுகிறார்கள். வயதானவர் வெட்கப்பட்டு மறைப்பார். மகன்தான் கேட்க வேண்டும்.

2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை ஆயுஷ்மான் காப்பீடு உண்டு. விவரம் தெரியாத பெரியவர்களுக்கு அட்டை எடுத்துக் கொடுக்க இளைஞர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் அந்தக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும், வெளியே வந்தபின் 15 நாட்களுக்கும்தான். அதற்குப் பிறகு மாதாமாதம் பை வாங்குவது குடும்பத்தின் பாடு. சிக்கனம் என்று கழுவிக் கழுவி ஒரே பையை ஒட்டினால் தோல் புண்ணாகிவிடும். நேரு வீதி வியாபாரிகளே, ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை நோயாளிக்கு அந்தப் பையை வாங்கிக் கொடுக்க உங்களுக்கு என்ன தயக்கம்?

பள்ளி நிர்வாகிகளிடம் கேட்பது பெரிதொன்றுமில்லை. ஏசி மாட்டும் செலவில் ஒரு பங்கு போதும். உட்காரும் கழிப்பறை ஒன்று, நல்ல தாழ்ப்பாள், கைக்குழாய், சட்டை மாட்ட ஆணி, மூடி போட்ட குப்பைக்கூடை. அவ்வளவுதான். வரும் ரமளானுக்கு முன் உங்கள் முத்தவல்லியிடம் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்பதை நமக்கு எழுதுங்கள்.