லீவு சரி, சோறு எங்கே?

ஐப்பசி பிறந்து வானம் கறுத்ததும் தமிழ்நாட்டில் ஒரு பட்டிமன்றம் கூடிவிடுகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, இல்லையா? ஒரு கட்சி சொல்கிறது: "கலெக்டர் காலைல ஏழு மணிக்கு லீவுன்னா எப்படி? புள்ளையக் குளிப்பாட்டி, யூனிஃபார்ம் மாட்டி, டிபன் கட்டி, வேன்ல ஏத்துன பொறவு சொல்றாரு. ராத்திரியே சொல்லக் கூடாதா?" எதிர்க்கட்சி சொல்கிறது: "தூறலுக்கெல்லாம் லீவு உட்டா போர்ஷன் எப்ப முடியுறது? நாங்கல்லாம் கொடை புடிச்சிக்கிட்டுப் போவலையா?" நான் வேலை பார்க்கும் வங்கியில் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதே பேச்சுதான். வரிசையின் கடைசியில் காதுத் தோட்டை வைத்த கடனுக்கு வட்டி கட்ட நனைந்த புடவையோடு நிற்கிற அம்மாவுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உண்டு. அவரை ஒருவரும் கேட்பதில்லை.

இரண்டு கட்சியும் அடித்துக்கொள்கிற மாதிரித் தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து பேசுகின்றன. ஒழுகாத கூரை, வாசல்வரை வரும் வேன், அடுப்பில் டிபன், கொரோனாவுக்குப் பிறகு லீவு நாளில் பாடம் நடத்த ஒரு கைபேசி. இதெல்லாம் எல்லோர் வீட்டிலும் இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் விவாதமே ஆரம்பிக்கிறது. பெற்றோர், பெற்றோர் என்கிறார்களே, யார் அந்தப் பெற்றோர்? 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று கூடி நின்றவர்களும் பெற்றோர்கள்தான். இந்தச் சொல்லுக்குள் சாதி ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது, தோழர்களே.

சரி, லீவு எதற்கு? பிள்ளைகள் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று. யார் வீட்டில்? 2019 டிசம்பர் 2 விடியற்காலை, அடைமழை. மேட்டுப்பாளையம் நடூரில் அருந்ததியர் குடியிருப்பின் மேல் 20 அடி உயரக் கருங்கல் சுவர் சரிந்தது. 17 பேர் செத்துப்போனார்கள். படிக்கிற பிள்ளைகளும் அதில் அடக்கம். ஒரு வசதிக்காரர் தன் வீட்டுக்கும் சேரிக்கும் நடுவே எழுப்பிய சுவர் அது. தீண்டாமைச் சுவர் என்றுதான் நம் மக்கள் அதைச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் வீட்டில்தான் இருந்தார்கள். மழை நாளில் வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள் என்ற அறிவுரை நடூருக்கு என்ன அர்த்தத்தில் போய்ச் சேரும்?

நம்ம ஊர் அமைப்பைப் பாருங்கள். மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி, நடுவில் ஓடையோ வாய்க்காலோ. பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஊர்ப் பக்கம். லீவை முடிவு செய்வது வானிலை எச்சரிக்கையும் மழைமானியும். மழை விட்டால் மறுநாள் பள்ளி திறந்துவிடும். தண்ணி விட்டுச்சா என்று கேட்பதற்கு எந்த மானியும் கிடையாது. ஊர்த் தெரு காய்ந்து மூன்று நாள் ஆன பிறகும் சேரியில் முழங்கால் தண்ணி நிற்கும். அந்த மூன்று நாளும் நம்ம புள்ள ஆப்சென்ட். 'இதுங்க ஒழுங்கா வராதுங்க' என்று ஒரு வாத்தியார் சொல்லப்போகிற வாக்கியத்துக்கு வருகைப் பதிவேட்டிலேயே சாட்சியம் தயாராகிவிடுகிறது. பொட்டப்புள்ளயாக இருந்தால் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள இன்னும் ரெண்டு நாள் கூட நிற்கும்.

இனி சோற்றுக்கு வருகிறேன்.

அடைமழை பிடித்தால் கட்டட வேலை இல்லை, செங்கல் சூளை இல்லை, சுமை தூக்கும் வேலை இல்லை. கூலி நின்றுபோகும் அதே நாளில்தான் பள்ளிக்கூட அடுப்பும் அணைகிறது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, பிறகு வந்த முட்டை, 2022இல் தொடங்கி 2023இல் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவு, இத்தனையையும் கலெக்டரின் ஒரு வரி உத்தரவு நிறுத்திவிடுகிறது. இதை யாரோ மறந்துபோய் விட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிள்ளைக்கு மதிய உணவு உரிமை. ஆனால் பள்ளி விடுமுறை நாள் நீங்கலாக என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 2015 மதிய உணவு விதிகளின்படி, பள்ளி நடக்கிற நாளில் அரிசி வராமலோ சமைக்க ஆள் இல்லாமலோ உணவு போடாவிட்டால், அதற்கு ஈடாகத் தானியமும் பணமும் கொடுத்தாக வேண்டும். லீவு விட்டால் அந்தக் கணக்கே எழாது. சமையல்காரர் வராத நாளுக்கு ஈடு உண்டு, புயல் வந்த நாளுக்கு இல்லை! கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான், ஆனாலும் இந்தப் பேரேட்டை என்னால் சமன்செய்ய முடியவில்லை.

நடைமுறைக்கு ஒத்துவராது என்பார்கள். 2020இல் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு அரிசியும் பருப்பும் எடை போட்டுக் கொடுத்தார்களே, எப்படி ஒத்துவந்தது? நோய் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டியது, மனசு இளகியது. வெள்ளம் பள்ளத்துக்கு மட்டும்தானே வருகிறது.

இன்னொரு கூத்து. பாடத்துக்காகப் பூட்டிய அதே பள்ளிக்கூடத்தை, சேரிக்குள் இடுப்பளவு தண்ணி வந்த பிறகு ராத்திரியில் சாவி தேடித் திறந்து முகாம் என்று பெயர் வைக்கிறார்கள். அங்கேயும் சாதி நனையாமல் உள்ளே வந்துவிடும். 2004 ஆழிப்பேரலை நேரத்தில் நாகப்பட்டினம் பகுதியில் தலித் மக்கள் முகாம்களில் ஒதுக்கப்பட்டதும் நிவாரணத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டதும் ஆவணமாகவே இருக்கிறது. ஊரில் கெட்டியான காங்கிரீட் கட்டடம் அதுதான் என்று தெரியும்போது, எச்சரிக்கை வந்த சாயங்காலமே திறந்து வைத்தால் என்ன?

நம்ம தோழர்களிலும் சிலர் 'லீவே விடக் கூடாது, அது நம்ம பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் சதி' என்று பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஓடையைத் தாண்டி வரச் சொல்லி பிள்ளையை வெள்ளத்துக்குக் கொடுக்க முடியாது. பாடம் நிற்கட்டும், அடுப்பு எரியட்டும். பள்ளிக்கு வர முடிந்த பிள்ளைக்கு அங்கேயே சோறு. முடியாத தெருவுக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகட்டும். அதுவும் முடியாத நாளுக்கு அரிசி, பருப்பு, முட்டை கணக்குப் பார்த்து வீடு வந்து சேரட்டும். தண்ணி வடியாத தெருப் பிள்ளைகளுக்கு ஆப்சென்ட் போடக் கூடாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெற்றோருக்கு அவரவர் விகிதப்படி இடம் உண்டு. எத்தனை பள்ளியில் நம்ம அம்மாக்கள் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடப்படுகிறார்கள் என்பதை மாணவர் தோழர்கள் தெருத்தெருவாகக் கேட்டு எழுதுங்கள். அக்டோபர் 2 கிராம சபை மழைக்கு முன்னால் வருகிறது, நவம்பர் 1 கிராம சபை மழைக்கு நடுவில். இரண்டிலும் மேலே சொன்னவற்றைத் தீர்மானமாக எழுதிக் கொண்டுபோங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காதீர்கள். நகல் ஒன்று கலெக்டருக்கு, ஒன்று சத்துணவு அமைப்பாளருக்கு.