மை படாத விரல்



2024 ஏப்ரல் 19 அன்று வாக்களித்துத் திரும்பிய தாயார் ஒருவர், விரல் மை உலருமுன் பங்கு இல்லத்திற்கு வந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை செய்த அவருடைய மகன், ஓர் அடிதடி வழக்கில் கோவை மத்தியச் சிறையில் இருந்தான். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், பிணை நிற்க இருவர் அகப்படவில்லை. “சாமி, தீர்ப்பே வரவில்லை. அதற்குள் என் மகனுக்கு ஓட்டு இல்லை என்கிறார்களே, அது நியாயமா?” என்று கேட்டார்.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62(5) பிரிவின்படி, சிறையிலோ காவல்துறையின் காவலிலோ இருப்பவர் வாக்களிக்கலாகாது. தண்டனை பெற்றவரா, விசாரணைக் கைதியா என்ற வேறுபாடு அங்கில்லை. தடுப்புக் காவலுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே குண்டர் சட்டத்தில் மட்டும் அடைக்கப்பட்டவர் அஞ்சல் வழியே வாக்களிக்கலாம். சிறு திருட்டு வழக்கில் விசாரணையை எதிர்நோக்கி உள்ளே இருப்பவருக்கு அது இல்லை. தண்டனை பெற்றும் ஜாமீனில் வெளியே உலவுபவர் வாக்குச்சாவடிக்குச் செல்லலாம்!

2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சிறையிலிருப்பவர் தேர்தலில் நிற்கவும் தடையில்லை. 2024இல் பாரமுல்லா தொகுதியில் வென்ற பொறியாளர் ரஷீத், அப்போது திகார் சிறையில் விசாரணைக் கைதி. ஊராரின் வாக்கைப் பெற்ற அவருக்குத் தம் வாக்கை அளிக்க உரிமையில்லை.

1997இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவு செல்லும் என்றது. தம் நடத்தையால் சிறை சென்றவர் பிறரோடு சம உரிமை கோரலாகாது, காவலுக்கு ஆள்பலம் போதாது, குற்றவாளிகள் தேர்தலிலிருந்து விலகியிருத்தல் நலம் என்பன அதன் காரணங்கள். அடிபட்டவரின் கண்ணீரை எண்ணினால், இவற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் 2022 இறுதியில் நாட்டுச் சிறைகளிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர்! குற்றம் மெய்ப்பிக்கப்படாதவரை நடத்தையின் பெயரால் விலக்குவது முறையாகுமா? தடுப்புக் காவல் கைதிக்கு அஞ்சல் உறை செல்லும் சிறையில், அடுத்த அறைக்கும் ஓர் உறை கொண்டுசெல்லத் தனிப்படை வேண்டுமா?

பணமுள்ளவர் பிணையில் வந்து வாக்களிக்கிறார். பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்தவருக்கோ பிணை நிற்க உறவில்லை. இறுதியில் வாக்கை இழப்பவர் ஏழையே.

சிறையிலிருப்போரைச் சந்திப்பது ஆண்டவரையே சந்திப்பதாகும் என நம்புகிறோம். விசாரணைக் கைதிகளுக்கேனும் அஞ்சல் வாக்கு வேண்டுமென நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுவோம். இலவச வழக்கறிஞர் உதவிக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு உண்டு என்பதை அறியாதோர்க்குச் சொல்வோம். நன்கு அறிந்தவருக்குப் பிணை நிற்கத் தயங்காதிருப்போம்.

மறுவாரம் நம் பங்கினர் இருவர் பிணை நின்றனர். மகன் வீடு திரும்பினான், தேர்தல்தான் முடிந்திருந்தது.