மறைக்க என்ன இருக்கிறது?

கம்மாபுரம் டீக்கடையில் நான் சில்லறையை எண்ணும்போதெல்லாம் கடைக்காரர் சிரிப்பார். கூகுள் நீக்கப்பட்ட லினேஜ்ஓஎஸ் இயங்குதளத்தைப் பழைய போன் ஒன்றில் போட்டு ஓராண்டாகப் பயன்படுத்துகிறேன். கூகுளின் சோதனையில் தேறாத போனை என் வங்கிச் செயலி நம்புவதில்லை. பாதி நாள் திறக்காது. "அப்படி மறைக்கிறதுக்கு என்ன தம்பி இருக்கு?" என்பது அவர் கேள்வி.

விருத்தாசலம் வட்டாரத்தில் இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2003 மே மாதம் கடலூரில் ரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட புதுக்கூரைப்பேட்டை முருகேசனும் கண்ணகியும் மறைக்க நினைத்தது ஒன்றைத்தான்: தாங்கள் இருக்கும் இடம். முருகேசனின் உறவினரை வதைத்து அதைக் கறந்தார்கள். ஜூலை 8 அன்று ஊரார் முன்னிலையில் இருவருக்கும் நஞ்சு புகட்டப்பட்டது.

இன்று யாரையும் வதைக்கத் தேவையில்லை. ஒரு தோழியின் போனைப் பார்த்தேன். வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். அதில் போட்டிருந்ததும் அவருடைய ஜிமெயில்தான். தொலைந்த போனைத் தேடும் வசதியைத் திறந்தால், தங்கை எந்தப் பேருந்து நிலையத்தில் நிற்கிறாள் என்று அவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். தனியுரிமை என்றதும் விளம்பர நிறுவனங்களைப் பற்றியே பேசும் நண்பர்களுக்கு இந்த அண்ணன் கண்ணில் படுவதே இல்லை.

இயங்குதளம் செய்பவர்களுக்கும் அப்படித்தான். பிக்சல் போன்களில் ஓடும் கிராபீன்ஓஎஸ்ஸில் ஒரு வசதி உண்டு. மிரட்டித் திறக்கச் சொன்னால் போடுவதற்கென்றே தனி எண். போட்டதும் எல்லாம் அழிந்துவிடும். விசாரணை அதிகாரியை எதிர்கொள்பவருக்கு நல்லது. அண்ணன் எதிரே போன் வெறுமையாகி நின்றால்? அடி இரட்டிப்பாகும். அழிவதில் சாட்சியமும் போகும். கோகுல்ராஜ் வழக்கில் திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு எவ்வளவு உதவியது என்பதை நாம் மறக்கக் கூடாது. பதிவே கூடாது என்பதல்ல என் வாதம். அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

அரசின் கையில் இருக்கட்டும் என்பார்கள். எந்த இயங்குதளம் போட்டாலும் சிம் இருக்கும்வரை கோபுரம் நம் இடத்தை அறியும். கேட்டால் காவல்துறைக்குக் கிடைக்கும். கண்ணகி-முருகேசன் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் காவல் அதிகாரிகளும் உண்டு. அந்தத் தீர்ப்பு வர 2021 ஆனது; உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். தனியுரிமை அடிப்படை உரிமை, நெருங்கிய உறவுகளும் அதில் அடக்கம் என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னது 2017இல். 2025 இறுதியில் ஒன்றிய அரசு எல்லாப் புதிய போன்களிலும் சஞ்சார் சாத்தி செயலியைத் திணிக்கப் பார்த்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது.

பிக்சல் வாங்கும் வசதி நம்மில் பலருக்கு இல்லை. லினேஜ்ஓஎஸ்கூட எல்லா போனிலும் ஏறாது; ஏற்றத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் சாதி மறுப்புத் திருமணத்துக்கு உதவும் தோழர்கள் வயதுச் சான்று, சாட்சிக் கையெழுத்து பற்றிச் சொல்லும்போதே போனைப் பற்றியும் சொல்லலாம். வீட்டார் கொடுத்த போனை எடுத்து வராதே. புதிய போனில் பழைய கணக்கைப் போடாதே. பழைய சிம்மைச் செருகாதே. குறுஞ்செய்திகளின் நகலை நம்பிக்கையான வழக்கறிஞரிடம் முன்பே கொடுத்து வை.

அந்தத் தோழியின் போனிலிருந்து அண்ணனின் கணக்கை நாங்கள் நீக்கவில்லை. நீக்கியிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவள் கிளம்பும் நாளில் அந்தப் போன் வழக்கம்போல வீட்டு அலமாரியில் சார்ஜில் இருக்கும்.