ஜெர்மனிக்கான பயணம் கள்ளக்குறிச்சியில் தொடங்கட்டும்

கடந்த டிசம்பரில் ஒரு மாலை, களமருதூரில் உள்ள என் வீட்டுத் திண்ணைக்கு ஒரு மாணவி வந்தார். கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். அரசுக் கல்லூரியில் வரலாறு இரண்டாம் ஆண்டு படிப்பவர். ஒரு காலத்தில் என்னிடம் படித்தவர் இப்போது அவருக்கு ஆசிரியர், அவர்தான் அனுப்பியிருந்தார். கோடை விடுமுறையில் ஜெர்மனியில் நடக்கும் மொழி, பண்பாட்டு வகுப்புக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை நிரப்ப உதவ முடியுமா என்று கேட்டார்.

தகுதி விதிகளைப் படித்த உடனேயே வழி அடைபட்டுவிட்டது. ஜெர்மன் மொழியில் 'பி1' எனப்படும் இடைநிலைத் தேர்ச்சி இருக்க வேண்டும். அந்த மாணவி கைப்பேசியைப் பார்த்துத் தானாகக் கற்றிருந்ததோ 'ஏ1' என்னும் முதற்படி மட்டுமே. "முதலாம் ஆண்டிலேயே யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பாடம் நடத்திய எனக்கு, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

1925-இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு (டி.ஏ.ஏ.டி.) ஆண்டுதோறும் வெளிநாட்டு மாணவர்களுக்கு இத்தகைய உதவித்தொகையை வழங்குகிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் கோடையில் நடத்தும் வகுப்புகளில் மூன்று, நான்கு வாரங்கள் தங்கிப் படிக்கலாம். காலையில் மொழி வகுப்பு. மதியத்துக்கு மேல் வரலாறு, இலக்கியம், அருங்காட்சியகம், ஊர் சுற்றிப் பார்த்தல் என்பது பெரும்பாலான வகுப்புகளின் அமைப்பு. இரண்டு கல்வியாண்டுகளை முடித்தவர்களே சேரலாம். விண்ணப்பமோ முந்தைய ஆண்டின் இறுதியிலேயே போய்ச் சேர வேண்டும். விதிகளில் எங்கும் ஊரோ, சாதியோ, வருமானமோ கேட்கப்படவில்லை. ஆயினும் கல்லூரியில் சேரும்போதே ஜெர்மன் கற்கத் தொடங்கியவருக்கு மட்டுமே அந்தக் கதவு திறக்கும். நம் மாவட்டத்து மாணவரை வெளியே நிறுத்துவது விமானக் கட்டணம் அன்று. கிடைக்காமல் போன மொழி வகுப்புதான்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்? ஜெர்மனி முதுமை அடைந்துவரும் நாடு. உழைக்கும் வயதினர் எண்ணிக்கை குறையாமலிருக்க ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேர் வெளியிலிருந்து வர வேண்டும் என்று அந்நாட்டு வேலைவாய்ப்புத் துறையினரே கூறிவந்துள்ளனர். 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 2024 அக்டோபரில், திறன்மிக்க இந்தியர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அந்நாட்டில் பயிலும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே மிகப் பெரிய குழுவினர். தமிழ்நாட்டிலும் அரசு அமைப்புகள் செவிலியருக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி அளிக்கின்றன. ஜெர்மனி நோக்கிப் பெரும் நகர்வு தொடங்கிவிட்டது. அதில் நம் பிள்ளைகள் எந்த நிலையில் போய்ச் சேரப் போகிறார்கள் என்பதே நம் கவலையாக இருக்க வேண்டும்.

மொழி தெரியாமல் போகிறவர், தரகர் சொல்வதை நம்பித்தான் போக வேண்டும். அங்கு பட்டப்படிப்புக்குச் செல்லும் மாணவர், ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் உள்ள நிலை. நம் பணத்தில் அது பத்து லட்சத்துக்கும் மேல். எங்கள் பகுதியில் இரண்டு ஏக்கர் கரும்போ மரவள்ளியோ வைத்திருக்கும் குடும்பம், நிலத்தை அடகு வைக்காமல் இந்தத் தொகையைப் பார்க்க முடியாது. அவ்வளவு பெரிய முடிவை எடுப்பதற்கு முன், அந்த நாட்டைச் சில வாரங்கள் நேரில் கண்டு, அதன் மொழியில் பேசிப் பார்த்து, 'இது எனக்கு ஒத்துவருமா?' என்று தானே முடிவு செய்ய வாய்ப்பளிப்பதுதான் கோடை வகுப்பு. பொருளியலில் தகவலுக்கு ஒரு விலை உண்டு என்போம். தகவல் இல்லாமல் எடுக்கும் முடிவுக்குத்தான் விலை மிக அதிகம்.

வேலைக்கு அப்பாலும் இதில் பயன் உண்டு. ஜெர்மனியில் பள்ளிப் படிப்பை முடிக்கும் இளைஞர்களில் பெரும் பங்கினர் இரட்டைத் தொழிற்பயிற்சி முறையில் சேர்கின்றனர். வாரத்தில் சில நாள்கள் தொழிற்கூடம், சில நாள்கள் தொழிற்பள்ளி. பயிற்சிக் காலத்திலேயே உதவி ஊதியம். மின்பணியாளருக்கும் தச்சருக்கும் அங்கு கிடைக்கும் மதிப்பை, கைத்தொழிலைத் தாழ்வாகப் பார்க்கும் நம் சமூகத்திலிருந்து செல்லும் மாணவர் நேரில் காண வேண்டும். தேர்தல் வழியே வளர்ந்த ஒரு கட்சி ஜனநாயகத்தையே எப்படி அழித்தது என்பதையும், அந்தக் குற்றத்தைத் தன் பிள்ளைகளுக்கு மறைக்காமல் கற்பிக்க ஒரு நாடு எவ்வளவு பாடுபடுகிறது என்பதையும், வரலாறு படிக்கும் அந்த மலைக்கிராமத்து மாணவி வதைமுகாம் நினைவிடங்களில் நின்று உணர்ந்திருப்பார்.

'ஆங்கிலமே சரியாக வராத பிள்ளைகளுக்கு ஜெர்மன் எதற்கு?' என்று நண்பர்கள் கேட்கின்றனர். என் அனுபவம் வேறு. ஆங்கிலத்தில் நகரத்துப் பிள்ளை மழலையர் வகுப்பிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. நம் பிள்ளை கல்லூரிக்கு வரும்போது பதினான்கு ஆண்டுகள் பின்தங்கி நிற்கிறது. ஜெர்மனிலோ பெரும்பாலும் இருவருமே ஒரே நாளில், ஒரே எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். எங்கள் மாணவர்களுக்குச் சமமான தொடக்கக் கோடு கிடைக்கக்கூடிய மிகச் சில துறைகளில் இதுவும் ஒன்று. ஆனால், சென்னையில் கெதே நிறுவனம் இருக்கிறது. கோவையில் கெதே மையம் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் உள்ள கள்ளக்குறிச்சியில் எதுவும் இல்லை. தொடக்கக் கோடு சமம்தான். அதற்கு வந்து சேரப் பேருந்து இல்லை.

கணக்கைப் பார்ப்போம். பி1 நிலையை எட்ட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவை என்பது கெதே நிறுவனத்தின் மதிப்பீடு. கலைக் கல்லூரியில் பருவத்துக்கு 90 வேலை நாள்கள், ஆண்டுக்கு 180. நாளுக்கு ஒரு வகுப்பு நடந்தால், இளங்கலையின் மூன்று ஆண்டுகளில் 540 வகுப்புகள். ஆர்வமுள்ளவர் இரண்டாம் ஆண்டு முடிவிலேயே எட்டிவிடலாம். மற்றவர் முதுகலையில் சேரும்போது தகுதியோடு நிற்பார். தமிழுக்குரிய இடத்தில் கை வைக்கத் தேவையில்லை. கூடுதல் பாடமாக வைத்தால் போதும். பல அரசுக் கல்லூரிகளில் காலை, மாலை என இரு சுழற்சிகள் உண்டு. இடைப்பட்ட நேரத்தில் வகுப்பு வைத்தால், மலைக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவிகளும் தங்க முடியும்.

செலவு? மூன்று, நான்கு வாரப் பயணத்துக்கு ஒரு மாணவரை அனுப்ப, விமானம், வகுப்புக் கட்டணம், தங்குமிடம், விசா எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. அரசுக் கல்லூரிக் கௌரவ விரிவுரையாளரின் மாத ஊதியம் 25,000 ரூபாய். அந்த ஊதியம் போதாது என்பது வேறு வழக்கு. அதை இரு மடங்காக்கினாலும் மூன்று மாணவர்களின் பயணச் செலவில், அறுபது பேருக்கு ஓராண்டு முழுவதும் பாடம் நடத்தும் ஆசிரியர் ஒருவரை அமர்த்தலாம். ஜெர்மன் கற்பிக்கத் தகுதியுடையோர் குறைவு என்பது உண்மையான தடைதான். அதற்கு மாற்றாக, சென்னையிலிருந்து திரை வழியே ஆசிரியர் பாடம் நடத்த, பயிற்சி பெற்ற உள்ளூர் துணையாசிரியர் வகுப்பறையில் இருந்து பேச்சுப் பயிற்சி அளிக்கலாம். தனித்தனியே கைப்பேசியில் படிக்கச் சொல்வது மட்டும் வேண்டாம். கல்வராயன் மலையின் பல ஊர்களில் அலைபேசிச் சமிக்ஞை தேடிப் பாறை மேல் ஏறி நிற்க வேண்டியிருக்கிறது.

மாணவர்களை அனுப்பவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ் 2024 ஜூனில் தமிழக மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரப் பயிற்சி பெற்றது நல்ல தொடக்கம். அவர்களுக்கு ஆங்கிலம் ஏற்கெனவே கையில் இருந்ததால்தான் அந்த ஒரு வாரம் பயன்பட்டது. மொழி இல்லாமல் போகிற பயணம் சுற்றுலாவாகவே முடியும். இரண்டாண்டு உழைப்பின் முடிவில் வருகிற பயணமே கல்வியாகும்.

இதை நமக்கு முதலில் காட்டியவர்களே ஜெர்மானியர்கள்தாம். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716-இல் ஹாலே நகரில் அச்சாயிற்று. நம் மண்ணில் தங்கிப் பயின்ற கார்ல் கிரவுல், 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டார். அவர்கள் சமயப் பணிக்காக வந்தவர்கள் என்பது மெய். ஆனால், மொழியை முதலில் கற்றார்கள் என்பதும் மெய்.

என்னைத் தேடி வந்த மாணவி முயற்சியைக் கைவிடவில்லை. கல்லூரி முடிந்ததும் நூலகத்தில் ஒரு மணி நேரம் தங்கி, தோழிகள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு 'ஏ2' பாடங்களைப் படித்துவருகிறார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன், ஆய்வுக் காலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு மாக்ஸ் வெபரைப் படிக்க முயன்றபோது கற்றது. அவர்களின் உச்சரிப்பைத் திருத்த அது உதவாது. வரும் ஜூனில் கல்லூரிகள் திறக்கும்போது, முதலாம் ஆண்டு மாணவர்களின் அறிவிப்புப் பலகையில் ஜெர்மன் வகுப்புக்கான ஒரு தாளை உயர்கல்வித் துறை ஒட்டச் செய்யட்டும். அந்தப் பலகைக்கு முன் நிற்கும் அடுத்த மாணவியாவது அந்தக் கேள்வியோடு என் திண்ணைக்கு வர வேண்டியிருக்காது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), களமருதூர்.