போதாமை என்னும் பொய்

பழைய மென்பொருள் ஒன்று புதிய கணினியில் இயங்க மறுத்து, 'நினைவகம் போதவில்லை' என்று அறிவிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? அச்செய்தியை அப்படியே நம்புகிறோம். பிறகு, 'காலம் கடந்த சரக்கு' என்று அம்மென்பொருளைத் தூக்கி எறிகிறோம். நம்பியதும் தவறு, எறிந்ததும் தவறு என்பதே என் வாதம்.

மறைந்த என் ஆசிரியர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று வட்டாரச் சொற்களைத் தொகுத்தவர். தொகுத்தவற்றை விண்டோஸ் 98 காலத்து மென்பொருள் ஒன்றில், அதற்கே உரிய எழுத்துருவில் உள்ளிட்டு வைத்திருந்தார். அவை அச்சேறவேயில்லை. அவருடைய வன்தட்டின் படி என் கைக்கு வந்ததும், என் கணினிக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து, தாராளமாக 2 ஜிபி நினைவகம் கொடுத்துத் தொடங்கினேன். 'விண்டோஸைத் தொடங்கப் போதிய நினைவகம் இல்லை' என்றது. உதவ வந்த இளைஞர் 3 ஜிபியாக உயர்த்தினார். அதே செய்தி. "இனிமேல் இது தேறாது சார், விட்டுவிடுங்கள்" என்று சொல்லிப் போய்விட்டார். அன்றிரவு நான் அதை 256 எம்பியாகக் குறைத்தேன். திறந்துகொண்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. விண்டோஸ் 95, 98, மில்லெனியம் ஆகியவற்றில், வட்டிலிருந்து படித்ததைத் தேக்கி வைக்கும் 'வி-கேஷ்' என்னும் பகுதி உண்டு. கணினியில் உள்ள நினைவகத்தைப் பார்த்து, தன் தேக்கத்தின் உச்ச அளவை அது தொடக்கத்திலேயே வகுத்து, அதற்கேற்ப முகவரிகளை ஒதுக்கிக்கொள்கிறது. இயங்குதளத்துக்கென உள்ள முகவரிப் பரப்போ 1 ஜிபி மட்டுமே. நினைவகம் 512 எம்பியைத் தாண்டும்போது அப்பரப்பு முழுவதையும் வி-கேஷே விழுங்கிவிடக்கூடும். பிற பணிகளுக்கு முகவரி மிஞ்சாது. மனை இருக்கிறது, கதவிலக்கம் இல்லை. இதைத்தான் அது 'நினைவகம் இல்லை' என்று நம்மிடம் சொல்கிறது. சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பின் வி-கேஷ் பகுதியில் 'மேக்ஸ்ஃபைல்கேஷ்' என்னும் வரியைச் சேர்த்து, 524288 கிலோபைட் அல்லது அதற்குக் குறைவாக வரம்பிடுவது ஒரு தீர்வு. மெய்நிகர் கணினியில் நினைவகத்தையே குறைப்பது அதனினும் எளிது.

இது தனியொரு விபத்தும் அன்று. நினைவக அளவைக் கேட்டறியப் பழைய நிரல்கள் பயன்படுத்திய விண்டோஸ் கட்டளை ஒன்று, 4 ஜிபிக்கு மேற்பட்ட கணினிகளில் −1 என்று விடை தரக்கூடும் என மைக்ரோசாஃப்டின் ஆவணமே ஒப்புக்கொள்கிறது. மிகுதியைக் குறிக்க எண் போதாதபோது, மிகுதியே இன்மையாகத் தோன்றிவிடுகிறது.

"இத்தனை பாடு எதற்கு? கோப்பை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்பர் சிலர். மாற்ற வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியேற்றம் வைத்திருந்த காலத்துக் கோப்பு அது. எந்த எண் எந்த எழுத்து என்பதை அறிந்தது அந்த மென்பொருள் ஒன்றே. மாற்றியது சரியா என்று ஒப்புநோக்கவேனும் அது ஒருமுறை உயிர்பெற வேண்டாமா? 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11 முழுவதும் 64 பிட்டே. ஆகவே மெய்நிகர் கணினி வீண் வேலை அன்று. பல கோப்புகளுக்கு எஞ்சியிருக்கும் ஒரே வாசல். பாதுகாப்புப் போய்விடும் என்பார்க்கு: இணையத்தோடு இணைக்காமல் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மூடிவிடலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது விளங்காமல் போவதுதான் எனக்கு வியப்பு. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒன்றுபோல் இருக்கும். அதற்காகச் சுவடியைப் பழுது என்று எவரும் தள்ளியதில்லை. படிப்பவர் தம் கண்ணைச் சுவடிக்குப் பழக்கிக்கொண்டார். ஓலைக்குக் காட்டிய அந்தப் பணிவை முப்பது ஆண்டுகூட ஆகாத கோப்புக்குக் காட்ட நமக்கு மனமில்லை. சுவடி கரையான் தின்று அழிந்தது. இக்கோப்புகளோ ஒரு வட்டில் முழுமையாக இருந்துகொண்டே, ஒரு பொய்ச் செய்தியை நாம் நம்பியதால் அழிகின்றன.

ஆசிரியரின் சொற்களை இப்போது ஒவ்வொன்றாக ஒப்புநோக்கி வருகிறேன். பழைய கணினியைக் காயலான் கடைக்கு அனுப்பும் எண்ணமுடையோர், முதலில் அதன் வன்தட்டைப் படியெடுத்து வைக்கட்டும். திறக்கவில்லை என்றால், நினைவகத்தை ஒருமுறை குறைத்துப் பார்க்கட்டும்.