திராட்சைப் பதியனும் தாய்க்கொடியின் தகுதியும்

மதுரை மல்லிகைக்கு 2013-ஆம் ஆண்டிலும், கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. மல்லிகையில் பதியன் போட்டுப் பழகிய நம் குடியானவர்களுக்குத் திராட்சையில் அதைச் செய்வது கடினமன்று. கொட்டாம்பட்டி போன்ற ஊர்களில் கிணற்றடியில் ஒரு பந்தல் போட விரும்புவோர் பதியனையே நாடலாமென்பது நமது அபிப்பிராயம். ஆயின், இலவசமாகக் கிடைக்கிறதென்று எந்தக் கொடியிலும் பதியன் எடுத்தல் தகாது.

பதியன் தாயின் மறுபிறப்பேயாகும். தாயின் நற்குணங்களைப் போலவே அதன் குறைகளும், உடலிலுள்ள நச்சுயிரி நோய்களும் பதியனுக்கு வந்து சேரும். பந்தல் நிறையத் தழைத்திருப்பதைக் கண்டு மயங்கலாகாது. கவாத்துக்குப்பின் இரண்டு மூன்று போகங்களில் நிறையக் குலை ஈன்ற கொடியையே தேர்ந்தெடுக்க வேண்டும். பல ஆண்டுகள் பலன் தரவேண்டிய கொடிக்காகச் சில போகங்கள் பொறுத்திருப்பது நஷ்டமாகாது.

செய்முறை எளிது. முதிர்ந்து பழுப்பு நிறமடைந்த, பென்சில் பருமனுள்ள கிளையொன்றை அடிப்பக்கத்தில் தெரிந்துகொள்க. புதுமண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பிய மண்தொட்டியை அருகே புதைக்க வேண்டும். கிளையின் இரண்டு கணுக்கள் தொட்டி மண்ணில் ஆறங்குல ஆழத்தில் அமையுமாறு வளைத்து, கணுவின் அடியில் பட்டையைச் சிறிது சீவி, கவைக்குச்சியால் அழுத்தி மூடுக. நுனியில் இரண்டு மூன்று மொட்டுகள் வெளியே நிற்கட்டும். அதைக் கோலில் கட்டுக. ஈரம் காயவும் நீர் தேங்கவும் விடலாகாது. ஆடியில் போட்ட பதியன் இரண்டு மூன்று மாதங்களில் வேர்விடும். தாயோடுள்ள தொடர்பை முதலில் பாதியளவு வெட்டி, பதினைந்து நாட்களுக்குப்பின் முழுதும் துண்டித்து, ஐப்பசி மழையில் நடலாம்.

வெறும் தரையை விடுத்துத் தொட்டியைச் சொல்வதற்குக் காரணமுண்டு. வேர்முடிச்சு நூற்புழு உள்ள நிலத்தில் வேர்விட்ட பதியன், அப்புழுவையும் புதிய இடத்திற்குக் கொண்டு செல்லும்.

குச்சி நட்டால் ஒரே கிளையில் பல கன்றுகள் கிடைக்குமே என்பர், அது மெய்யே. ஆயின் வேர்விடும் வரை பதியனுக்குத் தாயே உணவளிப்பதால், ஓரிரு கன்று வேண்டுவோர்க்கு அதுவே உறுதியான வழி. மூத்த பந்தலின் நிழலில் இளங்கன்று எளிதில் தேறாது. அத்தகைய இடைவெளியை அடுத்த கொடியின் பதியனைக் கொண்டே நிரப்பலாம். அங்கு அது தேறும்வரை தாயினின்றும் பிரிக்க வேண்டுவதில்லை.

ஏக்கர் கணக்கில் பயிரிடுவோர்க்கு இம்முறையை நாம் சிபாரிசு செய்யவில்லை. பிரான்சு தேசத்துச் சாம்பேன் பகுதியில் பழைய தோட்டங்களைப் பதியனாலேயே புதுப்பித்து வந்தனர். 1860-களில் அந்நாட்டில் தோன்றிய பில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி, சொந்த வேரில் நின்ற கொடிகளை அழித்தது. அதன்பின் அமெரிக்க வேர்க்கொடிகளில் ஒட்டுக்கட்டும் முறை பரவிற்று. நம் நாட்டிலும் உவர்நீருக்கும் வறட்சிக்கும் ஈடுகொடுக்க ‘டாக்ரிட்ஜ்’ வேர்க்கொடியில் ஒட்டுக்கட்டுகின்றனர். கிணற்று நீர் உவர்ப்பான இடங்களில் பெருஞ்செலவு செய்யுமுன் நீரையும் மண்ணையும் பரிசோதித்து, ஒட்டுக்கன்றையே நடுவது விவேகம்.

கிராம அதிகாரிகள் தத்தம் ஊரில் நன்கு காய்க்கும் நோயற்ற கொடிகளைக் குறித்து வைத்து, கேட்போர்க்குக் காட்டுவார்களாயின், அது சிறிய செலவில் செய்யும் பெரிய உபகாரமாகும்.