முள்வேலிக்குள் செய்த குருவி

உள்ளங்கைக்குள் அடங்கும் மரக்குருவி. பழப்பெட்டிப் பலகையைச் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாயம் பூசி, சட்டையில் குத்திக்கொள்ள முதுகில் ஊக்கு வைத்தது. கால்கள்? ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தபோது வெட்டி எறிந்த துண்டுகள்! அமெரிக்கக் காட்சிசாலைகளில் இதைக் காண்போர் "என்ன நேர்த்தி!" என்று வியக்கின்றனர். வியக்கட்டும், நாமும் வியக்கிறோம். செய்தவர் எங்கே உட்கார்ந்து செய்தார் என்று கேளாமல் வியப்பவரோடுதான் நமக்கு வழக்கு.

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிற்று. 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஜப்பானிய வம்சத்தார் ஏறத்தாழ 1,20,000 பேர் வீட்டையும் கடையையும் விளைநிலத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள்! குற்றச்சாட்டு உண்டா? இல்லை. விசாரணை உண்டா? அதுவும் இல்லை. கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள் என்றார்கள். சாண்டா அனிடா பந்தய மைதானத்தில் குதிரை கட்டிய கொட்டடியில் குடும்பங்களைக் குடிவைத்தார்கள். பிறகு பத்து முகாம்கள். முள்வேலி, காவற்கோபுரம், துப்பாக்கி. அதற்கு அரசாங்கம் சூட்டிய பெயரோ, 'மறுகுடியமர்வு நிலையம்'!

அங்கேதான் இந்தக் குருவிகள் பிறந்தன. தொடக்கத்தில் கத்தி வைத்திருப்பதே குற்றம். கிடைத்த இரும்புத் துண்டைத் தீட்டிக் கத்தியாக்கினர். பத்திரிகைப் படங்களைப் பார்த்து இறகுக்கு இறகு நிறம் வைத்தனர். உழவரும் மீனவரும், அடுப்படியை விட்டு நகர நேரமில்லாதிருந்த தாய்மாரும் அங்கேதான் முதன்முதலாக உளி பிடித்தனர்.

இதைப் புகழ்வோர் 'கமன்' என்ற ஜப்பானியச் சொல்லைச் சொல்கின்றனர். தாங்கவொண்ணாததைப் பொறுமையோடும் கண்ணியத்தோடும் தாங்குதல் என்று பொருள். நல்ல சொல்தான். ஆனால் கைதியின் பொறுமையைப் புகழும்போது காவலனுக்கும் உள்ளூர மகிழ்ச்சி! சாண்டா அனிடாவில் இராணுவத்துக்கு மறைப்பு வலை பின்னியவர்கள், வயிற்றுக்குப் போதவில்லை என்று 1942 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் போஸ்டன் முகாமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இது பாஸ்டன் நகரமல்ல. அரிசோனாப் பாலைவனத்து முகாம். முகாமில் மாதக் கூலி 12 டாலர் முதல் 19 டாலர் வரைதான். குருவி செதுக்கிய மக்களே கொடியும் பிடித்தார்கள் என்பதைக் காட்சிசாலைக்குப் போகிறவர் அறிய வேண்டாமா?

இன்னொரு செய்தி. முகாம் கலைப்பொருள்களைத் திரட்டியவர் ஆலன் ஈட்டன். காட்சிக்கு வைப்பார் என்று நம்பி, காசு வாங்காமல் பலர் கொடுத்தனர். அந்தச் சேகரம் 2015-ல் ஏலத்துக்கு வந்தது! அடைபட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் கொதித்தெழுந்தனர். ஏலம் நின்றது, பொருள்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் ஜப்பானிய அமெரிக்கர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

1988-ல் அமெரிக்க அரசாங்கம் மன்னிப்புக் கேட்டு, அன்று உயிரோடிருந்தவர்க்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் செய்தது. 46 ஆண்டுகள்! அதற்குள் மாண்டவர் எத்தனை பேர்!

ஆகவே நாம் கேட்பது சிறிய காரியம். கண்ணாடிப் பெட்டிக்குள் குருவியின் அடியில் வைக்கும் அட்டையில் 'கைவினைப் பொருள்' என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த முகாம், எந்த ஆண்டு, அந்தக் கால் எந்த ஜன்னல் கம்பி என்பதையும் எழுதுங்கள்.